டெல்லியில் குறைதீர் நாள் எப்போது?

(வத்திராயிருப்பில் விவசாயிகள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியர் தலைமையில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. உங்களில் பலர் அதில் எழுந்து பேசியிருப்பீர்கள். கண்மாய் மடை பழுது என்றால் நீர்வளத்துறை அதிகாரி பதில் சொல்ல வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் சரியாக வரவில்லை என்றால் மின்வாரியம் பதில் சொல்ல வேண்டும். பயிர்க்கடன் கிடைக்கவில்லை என்றால் கூட்டுறவுத் துறை. சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காமல் போகலாம், அரைகுறையாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒருவர் எழுந்து நின்று, நம் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதம் அதே ஆளிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அதே கூட்டத்தில் கொப்பரை விலையைப் பற்றிக் கேளுங்கள். பாமாயில் இறக்குமதி வரியைக் கேளுங்கள். காட்டுப்பன்றியைப் பற்றியோ வைப்பாற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தைப் பற்றியோ கேளுங்கள். "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை, மேலே அனுப்பிவைக்கிறோம்" என்பதுதான் பதில். அதிகாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். அந்த 'மேலே' என்பது டெல்லி. அங்கே நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கட்டாயப்பட்டவர் யார்? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

விவசாயம் மாநில அரசின் பொறுப்புதானே, டெல்லிக்கு அதில் என்ன வேலை என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் விவசாயம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் உழுது விதைப்பது மட்டும்தான் மாநிலத்தோடு நிற்கிறது. விளைந்தது விலையாகும் இடத்தில் டெல்லி வந்துவிடுகிறது.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். அந்த அளவை நிர்ணயிப்பது மத்திய அரசு. வெயிலில் அறுவடை செய்யும் பஞ்சாபுக்கு அது சரியாக இருக்கலாம். ஐப்பசி அடைமழையில் குறுவை அறுக்கும் டெல்டா விவசாயிக்கு எப்படிச் சரியாகும்? ஒவ்வொரு தடவையும் மாநில அரசு 22 சதவீதம் வரை தளர்த்தக் கேட்டுக் கடிதம் எழுதும். டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். உத்தரவு வருவதற்குள் ரோட்டோரம் குவித்த நெல் முளைத்துவிடும். மழை வருடா வருடம் வருகிறது, விதி மட்டும் மாறுவதில்லை. இந்த விதியை நிலையாக மாற்றும் அதிகாரம் திருச்சியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

நம் அடிவாரத்துத் தென்னைக்கும் இதே கதைதான். கொப்பரைக்கு மத்திய அரசு ஆதார விலை அறிவிக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த விலை கிடைக்க வேண்டுமானால் காயை உரித்து, உடைத்து, களத்தில் காயப்போட்டு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் களமும் வேண்டும், ஆளும் வேண்டும், பணத்துக்குக் காத்திருக்கத் தெம்பும் வேண்டும். ஒன்றரை ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் தோப்பிலேயே காயாக வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். இன்னொரு பக்கம், இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் மீதான அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதமாக உயர்த்தினார்கள். 2025 மே மாதம் அதை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். நகரத்துக் குடும்பத்துக்கு எண்ணெய் விலை குறைய வேண்டும் என்பது நியாயமான கவலை. அந்தக் கணக்கைப் போட்ட மேஜையில் தேங்காய் சம்சாரி சார்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

பருத்தியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு தரப்பும் நம் தொகுதிக்குள்ளேயே இருக்கின்றன. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளுக்கும் அது சுமை. கரிசல் காட்டில் பருத்தி போடும் சம்சாரிக்கு அது ஒரு வேலி. 2025 ஆகஸ்டில் அந்த வரியை ஆண்டுக் கடைசி வரை நிறுத்தி வைத்தார்கள். அந்த வேலி எடுக்கப்பட்டது புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்களில். ஆலைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, மனு எழுதித்தர ஆள் இருக்கிறது, ஜவுளி அமைச்சகத்தின் கதவும் தெரியும். அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. ஆலை நின்றால் நம் பிள்ளைகளுக்குத்தான் வேலை போகும். ஆனால் ஒரு தரப்பு மட்டுமே பேசும் வழக்கில் தீர்ப்பு எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, நாட்டின் 51ஆவது காப்பகம். நான் அதற்கு எதிரி இல்லை. பிளவக்கல்லில் பெரியாறும் கோவிலாறும் அணையாக நிற்பதும், அவற்றின் பாசனத்தில் நாற்பது கண்மாய்கள் இருப்பதும் அந்தக் காடு இருப்பதால்தான். காடு போனால் நமக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் அந்தக் காட்டுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? ராத்திரி யானை தள்ளிவிட்டுப் போகும் தென்னையிலும், பன்றி கிளறிப்போட்ட கிழங்கிலும் அடிவாரத்து விவசாயிதான் கொடுக்கிறார். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று மாநில அரசு 2025இல் வழி செய்தது. நம் நிலங்களோ காட்டின் வாசலிலேயே இருக்கின்றன. ஒரு விலங்கைப் பயிரழிக்கும் விலங்காக அறிவிக்கும் அதிகாரம் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. கேரளம் பலமுறை கேட்டும் அந்த அறிவிப்பு வரவில்லை. அறிவிப்பது சரியா தவறா என்பது வேறு விவாதம். நியாயமான நஷ்டஈடாவது உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்று டெல்லியில் உரக்கச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

தண்ணீருக்கு வருகிறேன். நம் அர்ச்சுனா நதி போய்ச் சேருவது வைப்பாறு. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரி நீரை மலையைக் குடைந்து வைப்பாற்றுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குத் தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995இலேயே சாத்தியக்கூறு அறிக்கை தயாரித்துவிட்டது. 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீர், நம் கணக்கில் 22 டி.எம்.சி. சொச்சம். தென் மாவட்டங்களில் 91,400 ஹெக்டேர் பாசனம். அறிக்கை வந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு இன்று கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும். கேரளம் சம்மதிக்கவில்லை. அவர்களைத் திட்ட நான் இங்கு வரவில்லை. ஆற்றில் நன்னீர் வரத்து குறைந்தால் உப்புநீர் வயலுக்குள் ஏறிவிடும் என்று குட்டநாட்டு நெல் விவசாயி பயப்படுகிறார். அவரும் நம்மைப் போல விவசாயிதான், அவர் பயம் பொய்யில்லை. தண்ணீர் கேட்கும் ஊரும் தரப் பயப்படும் ஊரும் நேருக்கு நேர் உட்கார இந்த நாட்டில் இருக்கும் ஒரே பொது இடம் நாடாளுமன்றம். முப்பது வருடமாக அந்தப் பேச்சு அங்கே ஒழுங்காக நடக்கவே இல்லை.

சரி, நாடாளுமன்றத்தில் விவசாயிகளே இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். 2019இல் அமைந்த பதினேழாவது மக்களவையில் ஏறத்தாழ 38 சதவீத உறுப்பினர்கள் தங்கள் தொழில் விவசாயம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உலகத்தில் எத்தனை நாடாளுமன்றங்களில் இப்படி ஒரு கணக்கு இருக்கும்? தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த இரண்டு ஏக்கரை நம்பி அடுப்பெரிக்கும் எத்தனை பேர் அந்த 38 சதவீதத்துக்குள் இருந்திருப்பார்கள்? நிலம் வைத்திருப்பது வேறு, நிலத்தால் வாழ்வது வேறு.

அப்படி விவசாயிகள் நிறைந்த அந்த அவையில்தான் 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேறின. நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. மாநிலங்களவையில் உறுப்பினர்கள் கேட்டும் வாக்குகளை எண்ணவில்லை, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். மக்களவையில் அந்த மசோதாக்களை ஆதரித்த அதிமுகவின் உறுப்பினர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன், மாநிலங்களவையில் அவற்றைக் கடுமையாகக் குறை சொல்லிப் பேசினார். அந்தப் பேச்சை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அப்படிப் பேசுவது அவ்வளவு அபூர்வம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். தொகுதி ஒன்று சொல்ல, கட்சி வேறொன்று சொன்னால் உறுப்பினர் யார் பக்கம் நிற்பார் என்பதைச் சட்டமே முடிவு செய்துவிட்டது. பிறகு டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்து, பல உயிர்களைக் கொடுத்த பின்பு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அன்றும் விவாதம் இல்லை. கொண்டுவந்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை.

2017ஐ நினைத்துப் பாருங்கள். மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 உறுப்பினர்கள். அத்தனை பேர் இருக்கும்போதுதான் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் ஜந்தர் மந்தர் நடைபாதையில் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு, எலியை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். எனக்கு வந்தது வேதனைதான். நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சம்சாரி அப்படி உட்கார வேண்டியிருந்தது என்றால், உள்ளே அவனுக்குக் குரல் இல்லை என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம் தொகுதி பெரியவர்களை அனுப்பாத தொகுதி இல்லை. 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றவர் காமராஜர். 1957இல் வென்றவர் முத்துராமலிங்கத் தேவர். டெல்லியில் தமிழர்கள் விவசாயத்தைக் கையில் எடுத்த காலமும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தபோதுதான் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் 1965இல் செயலுக்கு வந்தன. உணவுக் கழகம் தன் வேலையைத் தொடங்கியது தஞ்சாவூரில். ஆதார விலை என்று நாம் இன்று பேசுவதன் வேர் அங்கே இருக்கிறது. ஒரு அமைச்சர் நினைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அமைச்சர்கள் வந்து போவார்கள். கீழே இருந்து தள்ளும் பலம் நம்மிடம் இருந்ததா?

இருந்தது. அதன் பெயர் நாராயணசாமி நாயுடு. கோவை வையம்பாளையத்துக்காரர். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை மறித்து நின்றன. இன்று நம் பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லை என்றால், அந்தச் சலுகைக்குப் பின்னால் அந்த வண்டிச் சக்கரங்களும் அந்த உயிர்களும் இருக்கின்றன. இதை இளைஞர்கள் மறக்கக் கூடாது. 1982இல் அவர் இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சியைத் தொடங்கினார். 1984 டிசம்பர் 21 அன்று தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த இடத்தில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்பட்டியில் இறந்துபோனார். அவர் சொன்னால் ஊரே வண்டி கட்டும். அந்த ஊர் வாக்குச்சாவடியில் அவர் கட்சியைத் தூக்கி நிறுத்தவில்லை.

இது தமிழ்நாட்டின் குறை மட்டுமில்லை. டெல்லியை அசைத்த பஞ்சாப் விவசாயிகள் 2022 சட்டமன்றத் தேர்தலில் தனியாக அணி அமைத்து நின்றார்கள், ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஏன் இப்படி? சாதி ஓட்டு, கட்சி விசுவாசம், பணம் என்று சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நாம் பேசத் தயங்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதை இந்த ஊரில் நின்று சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை.

'விவசாயி' என்று சொல்லும்போது நம் கண்ணுக்குத் தெரிபவர் பட்டா வைத்திருப்பவர். நாற்று நடும் பெண்ணும், அறுப்புக்குப் போகிறவரும், குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவரும் அதில் தெரிவதில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலம் மறுக்கப்பட்ட சாதியினர். விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் விலை பற்றிய தீர்மானம் இருக்கும், கூலி பற்றி இருக்காது. 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி கேட்ட சண்டையில்தான். விளைச்சலுக்கு நியாய விலை கேட்கும் வாய், அறுத்தவனுக்கு நியாயக் கூலி என்றதும் மூடிக்கொண்டால், விவசாயிகள் கட்சிக்குக் கூலிக்காரர் ஏன் ஓட்டுப் போட வேண்டும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆணையத்தின் அறிக்கைகளை ஒட்டி வந்த 2007ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளியையும் சேர்த்தே விவசாயி என்கிறது. நம் சங்கங்கள் அந்த அளவுக்குக்கூட இன்னும் வரவில்லை. வருடம் 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நில உடைமை உள்ள குடும்பத்துக்குத்தான். நிலத்தை வெளியூர்க்காரர் வைத்திருக்க, இங்கே குத்தகைக்கு உழுது சேற்றில் நிற்பவருக்கு அதில் ஒரு காசு இல்லை.

இன்று வத்திராயிருப்பு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில், அதாவது தென்காசி மக்களவைத் தொகுதியின் வடகோடியில். தொகுதியின் பெயர் வேறு மாவட்டத்தின் தலைநகர். நம் விருதுநகர் மாவட்டமோ விருதுநகர், தென்காசி, ராமநாதபுரம் என்று மூன்று மக்களவைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. லிங்கம், வசந்தி, தனுஷ் குமார், ராணி ஸ்ரீகுமார் என்று 2009இலிருந்து நான்கு பேரை அனுப்பியிருக்கிறோம். இவர்களில் யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களிடம் நாம் எழுத்தில் என்ன கேட்டோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் வருகிறது. 2027இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபின் தொகுதி மறுசீரமைப்பு பற்றிய பேச்சு சூடுபிடிக்கும். தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை எல்லாரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளே கிராமத்துக்கு எத்தனை இடம் என்பதை யாரும் பேசவில்லை. 2011 கணக்கிலேயே 48 சதவீதம் பேர் நகரவாசிகள். 2008 மறுசீரமைப்பில் சென்னையின் சட்டமன்றத் தொகுதிகள் 14இலிருந்து 16 ஆயின. அடுத்த முறை நகரங்களைச் சுற்றித் தொகுதிகள் பெருகும், நம்மைப் போன்ற அடிவாரத்து ஊர்களின் தொகுதி இன்னும் அகலும். ஜப்பானில் நீண்ட காலம் கிராமத்து ஓட்டுக்கு நகரத்து ஓட்டைவிட மதிப்பு அதிகமாக இருந்தது. 1993 வரை அரிசி இறக்குமதிக்குக் கதவு திறக்காமல் அந்த நாடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வழியை நான் கேட்கவில்லை. ஒருவருக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எண்ணிக்கையில் நாம் குறையப் போகிறோம் என்றால், பதில் வாங்கும் திறமையில் கூட வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறதா? மகாராஷ்டிரத்தில் ராஜு ஷெட்டி என்ற கரும்பு விவசாயிகள் தலைவர் 2009இலும் 2014இலும் மக்களவைக்குப் போனார். 2017 நவம்பரில் பல மாநில விவசாயிகள் டெல்லியில் தாங்களே ஒரு நாடாளுமன்றம்போல் கூடி, ஆதார விலைக்கும் கடன் விடுதலைக்கும் இரண்டு மசோதாக்களை விவாதித்து எழுதினார்கள். 2018இல் ராஜு ஷெட்டி அவற்றைத் தனிநபர் மசோதாவாக மக்களவையில் வைத்தார். அவை சட்டமாகவில்லை. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோரிக்கை நாடாளுமன்ற ஆவணத்தில் ஏறிவிட்டது. 2024 டிசம்பரில் வேளாண் நிலைக்குழுவே ஆதார விலைக்குச் சட்ட உறுதி வேண்டும், கிசான் தொகையை 12,000 ஆக்கி அதைக் குத்தகைதாரருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுதிக்கொடுக்க விவசாயிகளும், எடுத்துப்போக ஒரு உறுப்பினரும் சேர்ந்தால் நடப்பது இது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாவட்டத்தில் 'திஷா' என்று ஒரு குழு இருக்கிறது. மத்திய அரசின் திட்டங்களைக் கண்காணிக்க 2016இல் ஏற்படுத்தியது. நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர் வத்திராயிருப்பு வட்டத்தில் ஒரு நாள் உட்கார வேண்டும் என்று நாம் கேட்போம். அதேபோல நாடாளுமன்றத் தொடர் தொடங்குவதற்கு முன்பு ஒரு நாள், முடிந்த பின்பு ஒரு நாள். முதல் நாள் நம் கேள்விகளை வாங்கிக்கொண்டு போகட்டும். இரண்டாம் நாள் அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று வந்து வாசிக்கட்டும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு வாய்மொழியாகவும் 230 கேள்விகளுக்கு எழுத்திலும் பதில் வரும். பதினைந்து நாள் முன்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எழுத்தில் வரும் பதிலுக்கு அமைச்சர் பொறுப்பு, அது எப்போதும் ஆவணத்தில் இருக்கும், அடுத்த வருடம் அதை எடுத்துக் காட்டி மேலே கேட்கலாம். உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வியை அவருடைய உதவியாளர் ஏன் எழுத வேண்டும்? இந்த ஊரில் பட்டம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

இன்றே தொடங்கலாம் என்று என் பங்குக்கு மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று: பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்பு பற்றிக் கேரள அரசோடு கடந்த ஐந்து ஆண்டுகளில் மத்திய அரசு எத்தனை முறை பேசியது, குட்டநாட்டின் உப்புநீர்ப் பிரச்சினைக்கு அது சொல்லும் தீர்வு என்ன? இரண்டு: ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் வனவிலங்குகளால் பயிர் இழந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு எவ்வளவு, விண்ணப்பித்த எத்தனை நாளில் அது கைக்கு வருகிறது? மூன்று: பட்டா இல்லாத குத்தகைதாரரையும் கூலிக்காரரையும் கிசான் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற நிலைக்குழுவின் பரிந்துரை மேல் அரசு என்ன செய்திருக்கிறது?

நான்காவது கேள்வியை நான் எழுதவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் தாய்மார்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து சொல்ல, ஒரு தம்பி எழுதிக்கொள்ளட்டும். நான் மேடையிலிருந்து இறங்கிக்கொள்கிறேன்.